தடை தேவையில்லை, ஒழுங்குமுறை போதும்

லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் 2025 ஏப்ரல் முதல் தெருவிசைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி தடை விதித்ததை இக்கட்டுரை ஏற்கவில்லை. சதுக்கத்தை ஒட்டிய வானொலி நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒலிபெருக்கியின் இரைச்சலும் ஒரே பாடல்கள் திரும்பத் திரும்ப ஒலிப்பதும் தொல்லையே என்று நீதிமன்றம் கூறியது உண்மைதான். நாள் முழுவதும் சன்னலுக்கு வெளியே அதே நாலைந்து பாடல்களைக் கேட்டபடி வேலை பார்ப்பவர்களின் அவதியை நான் மறுக்கவில்லை.

ஆனால், தொல்லைக்குக் காரணம் ஒலிபெருக்கியும் பாடல்கள் திரும்பத் திரும்ப வருவதும்தான் என்று தெரிந்த பிறகு, அவ்விரண்டையும் கட்டுப்படுத்தாமல், ஒலிபெருக்கியே இல்லாமல் வயலின் வாசிப்பவரையும் சேர்த்து வெளியேற்றுவது எந்த வகையில் நியாயம்? வெஸ்ட்மின்ஸ்டரில் 2021 முதலே உரிம முறை நடப்பில் உள்ளது. விதிகள் இருந்தும் அவற்றைக் களத்தில் கண்காணிக்கத் தவறியதற்கான விலையைக் கலைஞர்கள் கொடுக்கிறார்கள். அதே நகரின் சுரங்க ரயில் நிலையங்களைப் பாருங்கள். 2003 முதல் அங்கே திறன் தேர்வு நடத்தி உரிமம் தருகிறார்கள். தரையில் அரைவட்டமாக இடம் குறித்திருக்கிறார்கள். நேரம் முன்பதிவு செய்தவர் வாசித்து முடித்ததும் அடுத்தவர் வருகிறார். இடுங்கிய சுரங்கப் பாதையிலேயே இது சாத்தியம் என்றால், திறந்த சதுக்கத்தில் ஒலிபெருக்கியைத் தடைசெய்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, மாநகராட்சி ஏன் முயன்று பார்க்கக்கூடாது?