பிக்கப் டிரக் ரேஸ் சின்ன ஓவல்களுக்குத் திரும்ப வேண்டும்

அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் பிக்கப் டிரக் பந்தயத் தொடர்தான் டிரக் சீரிஸ். அதன் பேரைச் சொன்னதும் எல்லோரும் டேடோனா என்ற இரண்டரை மைல் ராட்சத ட்ராக்கின் வீடியோவைத்தான் பகிர்கிறார்கள். இந்தப் பந்தயம் பிறந்தது அரை மைல், ஒரு மைல் ட்ராக்குகளுக்காக. அங்கேதான் அது நன்றாகவும் இருந்தது. கால் நூற்றாண்டாக அதைப் பெரிய ட்ராக்குகளுக்கு இழுத்துக்கொண்டு போனது தவறு என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கி வைத்தவர்கள் கலிஃபோர்னியாவின் பாலைவன ஆஃப்ரோடு ரேஸ்காரர்கள். டிக் லேண்ட்ஃபீல்ட், ஜிம்மி ஸ்மித், ஜிம் வெனபிள், ஃபிராங்க் வெசல்ஸ் ஆகிய நால்வரும் தார்த் தளத்தில் ஓடும் பிக்கப் ஒன்றைக் கட்டச் செய்து, நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500 நடந்த 1994 சமயத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதே ஆண்டு பேக்கர்ஸ்ஃபீல்டின் மேசா மரின் போன்ற மேற்குக் கரை ட்ராக்குகளில் வெள்ளோட்டப் பந்தயங்கள் நடந்தன. முதல் அதிகாரபூர்வப் போட்டி 1995 பிப்ரவரி 5, ஃபீனிக்ஸில். மைக் ஸ்கின்னர் கடைசி நொடிவரை துரத்திய டெரி லபான்டியை மயிரிழையில் வென்றார். அந்த ஆண்டின் 20 பந்தயங்களில் 8-ஐ ஜெயித்து சாம்பியனும் ஆனார்.

வெளியே தெரிவதுதான் பிக்கப். உள்ளே அன்று ஸ்டீல் குழாய்ச் சட்டம், 358 கன அங்குல வி8 இன்ஜின், நாலு கியர், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 112 அங்குலம்.

அன்றைய விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது பாதியாட்ட இடைவேளை. கலிஃபோர்னியாவின் சாகஸ் போன்ற சின்ன ட்ராக்குகளில் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் பிட் எடுக்க, அதாவது வண்டியை ஓரங்கட்டி டயரும் பெட்ரோலும் மாற்ற, இடம் கிடையாது. ஆகவே பாதியில் பந்தயத்தை நிறுத்தி, சில நிமிடங்களில் பெட்ரோல், டயர், செட்டப் எல்லாவற்றையும் முடிக்க விட்டார்கள். வண்டி முன்பக்கம் பிடிக்காமல் வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போகிறதா? பின் ஸ்பிரிங் மேலுள்ள போல்ட்டைத் திருகிக் குறுக்கு எடையை, அதாவது வலது முன், இடது பின் சக்கரங்கள் சேர்ந்து தாங்கும் பங்கை, குறைக்கலாம். பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் வலது முனையை ஏற்றலாம். வலது பின் டயரில் காற்றழுத்தத்தைக் கூட்டலாம். மூன்றையும் ஒரேயடியாகச் செய்தால் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். ஒவ்வொன்றாகத்தான் தொட வேண்டும். நொடிக்கணக்கில் டயர் மாற்றச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டாம். நாலு பேர் கொண்ட குடும்ப அணிகூட பெரிய அணியோடு மோத முடிந்தது. 90-களின் பிற்பகுதியில் இதை எடுத்துவிட்டு வழக்கமான பிட் ஸ்டாப்பைக் கொண்டுவந்தார்கள். செலவு அங்கேதான் ஏறத் தொடங்கியது.

2000 பிப்ரவரியில் சீரிஸ் முதல்முறை டேடோனாவுக்குப் போனது. ஜெஃப் போடைனின் டிரக் தடுப்பு வலையில் மோதி, தீப்பிடித்து, உருண்டு சிதறியது. அவர் பிழைத்தார். வேகம் மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மை. உயரமான கேபினும் செங்குத்தான பின்கதவும் காற்றில் பெரிய பள்ளம் தோண்டுகின்றன. பின்னால் வருபவருக்கு எதிர்க்காற்று குறைவதால் நேர்கோட்டில் வேகம் எகிறும். வளைவிலோ முன்சக்கரத்தை அழுத்தும் காற்றும் கிடைக்காது. ஒன்றரை மைல் ட்ராக்குகளில் இதன் விளைவு வேறு: முன்னால் போகிறவர் சுத்தமான காற்றில் போய்க்கொண்டே இருப்பார், இரண்டாம் இடத்தவர் முட்டிக்கொண்டு நிற்பார். மார்ட்டின்ஸ்வில் என்ற சின்ன ட்ராக்கின் 0.526 மைலில் காற்றுக்கு அத்தனை அதிகாரம் இல்லை. அங்கே பிரேக்கைக் காப்பாற்றுகிறவனும், டயரைத் தேய்க்காமல் ஓட்டுகிறவனும் ஜெயிக்கிறான். டிரக் சீரிஸில் 4 பட்டமும் 51 வெற்றியும் சேர்த்த ரான் ஹார்னடேயும் இந்த வித்தை தெரிந்தவர்.

நல்ல முடிவுகளும் உண்டு. 2018-இல் இல்மோர் நிறுவனத்தின் 396 கன அங்குலப் பொது இன்ஜினை, எல்லா அணிகளும் வாங்கிப் பொருத்தக்கூடிய ஒரே இன்ஜினை, அனுமதித்தது சிறிய அணிகளுக்கு நிஜமான உதவி. 2023-இல் நார்த் வில்க்ஸ்பரோ என்ற பழைய சின்ன ட்ராக்குக்குத் திரும்பியதும் சரியே.

இன்னும் தெளிவான சான்று 2013 ஜூலையின் எல்டோரா. அரை மைல் மண் ட்ராக், 60, 50, 40 சுற்று என மூன்று கட்டங்கள், நடுவே இடைவேளை, ஓடும் பந்தயத்தில் பிட் ஸ்டாப் போட்டியே இல்லை. ஆஸ்டின் டில்லன் ஜெயித்தார். நாஸ்காரின் தேசிய சீரிஸ் ஒன்று மண்ணில் ஓடியது 1970-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த விதிமுறையை ஒரு மைலுக்குக் குறைவான எல்லா ட்ராக்குகளிலும் நிரந்தரமாக்கட்டும், ஒன்றரை மைல் ட்ராக்குகளில் பாதியை அட்டவணையிலிருந்து எடுக்கட்டும்.