மஞ்சக் கடுதாசி குடுக்கவும் காசு வேணுமாம்!

"அவனுக்கென்னப்பா, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு ஜாலியா சுத்துறான்"னு டீக்கடையில உக்காந்து பேசறவங்கள ஒரு தடவை கோர்ட்ல ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டுப் பாக்கச் சொல்லணும். கடனைக் கட்ட வழியில்லைன்னு சொல்றதுக்கே பணம் எடுத்து வைக்கணும்யா!

என் மச்சான் தறிப்பட்டறை போட்டு நொடிச்சுப் போனவர். தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு. நூல்காரர், ஃபைனான்ஸ், சீட்டு, கைமாத்துன்னு கடன் மட்டும் அப்படியே நிக்குது. சரி, சட்டப்படியே கையைத் தூக்கிடலாம்னு வக்கீல்கிட்ட போனா ஃபீஸ் 25,000, பாதி முன்பணம். அவரைத் தப்பு சொல்லல, அவரும் பிழைக்கணும். அதுக்கு மேல வர்றதைப் பாருங்க. கடன் குடுத்த ஒவ்வொருத்தரும் எதிர்மனுதாரர். ஆளுக்கொரு செட் நகல், ஆளுக்கொரு தபால் கவர், ஆளுக்கொரு பேட்டா (நோட்டீஸ் அனுப்ப கோர்ட்ல கட்டற காசு). எவராவது வீடு மாறிப் போயிருந்தா கவர் திரும்பி வரும். புது விலாசம் தேடி மறுபடி பேட்டா கட்டு. விசாரணைத் தேதியை அரசிதழ்ல போடணும். பேப்பர்லயும் போடுன்னு சொன்னா அந்த விளம்பரக் காசும் நம்ம தலையில. அதாவது, எவன் நிறையப் பேர்கிட்ட மாட்டியிருக்கானோ அவனுக்குத்தான் செலவு ஜாஸ்தி. என்ன கணக்குடா இது?

இவ்வளவும் கட்டி, கோர்ட் மனுவை ஏத்துக்கிட்டு நம்பர் போட்டுட்டா வசூல்காரன் வாசலை விட்டுப் போயிடுவான்னு நினைச்சா, அதுவும் இல்ல. திவாலானவர்னு கோர்ட் உத்தரவு போடற வரைக்கும் போன் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். நடுவுல எத்தனை வாய்தாவோ!

இந்தத் திவால் சட்டத்தோட வயசு தெரியுமா? சென்னைக்கு 1909-ம் வருஷத்துது, மத்த ஊருக்கு 1920. 500 ரூபா கடன் இருந்தாலே மனு போடலாம்னு அதுல எழுதியிருக்கு. இன்னிக்கு 500 ரூபா ஜெராக்ஸுக்குப் பத்துமா?

2016-ல புதுத் திவால் சட்டம் வந்துச்சு. வருஷ வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000, இதுக்குள்ள இருந்து சொந்த வீடும் இல்லாத ஏழைக்குக் கடனைத் தள்ளிவிட ஒரு தனி வழி அதுல இருக்கு. எழுதினதோட சரி! தனிநபர் பகுதியை 2019 டிசம்பர்ல கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவங்களுக்கு மட்டும் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. தறிக்காரனுக்கும் மளிகைக்கடைக்காரனுக்கும் இன்னும் வெள்ளைக்காரன் சட்டம்தான். கம்பெனி திவாலானாலோ அந்த நடைமுறைச் செலவைக் கம்பெனி சொத்துலருந்தே முதல் வரிசையில எடுத்துக்கலாம். பேங்க்குங்க கோடிக்கணக்குல விட்டுக் குடுத்துட்டு அதுக்கு 'ஹேர்கட்'னு ஸ்டைலாப் பேரு வேற வெச்சுக்கும்.

இலவச சட்ட உதவி இருக்கேன்னு யாரும் வராதீங்க. இருக்கு. வருமானம் கம்மியானவங்க, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எல்லாரும் கேக்கலாம். அதை மச்சானுக்கு வக்கீலும் சொல்லல, குமாஸ்தாவும் சொல்லல. எங்களுக்குத் தெரிய வந்தப்போ முன்பணம் கைமாறியாச்சு.

அந்த முன்பணம் எங்க சித்தப்பா குடுத்த கைமாத்து. இப்ப அவரும் கடன் குடுத்தவர் ஆயிட்டாராம், லிஸ்ட்ல அவரையும் சேக்கணுமாம். அவருக்கும் ஒரு செட் நகல், ஒரு கவர், ஒரு பேட்டா!