டைப்-சி ஓட்டை இருந்தால் மட்டும் போதாது

"காரில் டைப்-சி போர்ட் இருந்தால் போதும், லேப்டாப் தானாகச் சார்ஜ் ஆகும், வேறெதுவும் வாங்க வேண்டாம்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. கேபிள் பொருந்தும், கரண்ட் போதாது.

லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் அவுட்புட் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட். பல கார்களில் கம்பெனியே வைத்துத் தரும் டைப்-சி போர்ட் 5 வோல்ட், 3 ஆம்பியர், அதாவது 15 வாட்தான் தரும். போனுக்கு அது தாராளம். லேப்டாப்போ சார்ஜ் ஏற மறுக்கும், அல்லது ஏறுவதைவிட வேகமாக இறங்கும். என் காரில் இரண்டு மணி நேரம் செருகி வைத்து ஓட்டினேன், 41 சதவீதம் 38 ஆனதுதான் மிச்சம்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 65 வாட் PD சார்ஜர் (பவர் டெலிவரி, அதாவது டைப்-சி வழியாக அதிக வாட் தரும் முறை) வாங்குங்கள். கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும். உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்குமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய உருண்டை பின் மாடல்கள் ஏற்காது. அவற்றுக்கு அந்தப் பின்னுக்கான கார் அடாப்டரோ, காரின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரோதான் வழி.

அப்புறம், கேமிங் லேப்டாப்பின் 230 வாட் அடாப்டரை இன்வெர்ட்டர் வைத்து அதே சாக்கெட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 180 வாட்டைத் தாண்டாது.