பாட்டிக்குப் போன் பயன்படுத்த வராததற்கு மூளையா காரணம்?

“அறுபது தாண்டினால் மூளை சுருங்கிவிடும், அப்புறம் ஸ்மார்ட்போன் கற்கவே முடியாது” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. வயதோடு மூளை கொஞ்சம் சுருங்குவது உண்மைதான், ஆனால் கற்கும் வேகம் குறையுமே தவிர திறன் போய்விடாது. பல வீடுகளில் தடையாக இருப்பது உடம்பு: கண்புரை, கை நடுக்கம், மூட்டுவலி, அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று, வறண்ட விரல்நுனி. தொடுதிரை விரலின் மின்கடத்தலை நம்பி இயங்குவதால் காய்ந்த தோலைச் சில நேரம் உணராது. பாட்டி நாலு தடவை தொட்டும் ஓடிபி பெட்டி திறக்காது, நாமோ “உங்களுக்கு வராது, குடுங்க” என்று பிடுங்கிவிடுவோம். நடுக்கத்துக்கு, செட்டிங்ஸில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மூளையைப் பற்றிக் கவலை என்றால் நடக்கச் சொல்லுங்கள்: 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது மூளைக்கும் நல்லதுதான். ஆனால் நடந்தால் கண்புரை போகாது, அதற்குக் கண் டாக்டரிடம்தான் போகவேண்டும்.