பெயரை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகள்

லண்டனில் வாழ்ந்த யூதப் பெண்மணி லிலி ஏபர்ட், 1944இல் ஹங்கேரியிலிருந்து நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தாயையும் தம்பியையும் ஒரு தங்கையையும் அங்கே பறிகொடுத்து, உயிர் தப்பியவர். தொண்ணூறைத் தாண்டிய வயதில், கொள்ளுப்பேரன் டோவ் ஃபோர்மனின் துணையோடு டிக்டாக்கில் தோன்றி, கையில் பச்சை குத்தப்பட்ட முகாம் எண்ணைக் காட்டி, இளையவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லிவந்தார். 2021 மே மாதம் காசாவில் போர் மூண்டபோது, ஹிட்லரைப் புகழும் பின்னூட்டங்கள் அந்தக் காணொளிகளின் கீழ் வந்து குவிந்தன. டோவுக்கு அப்போது வயது 17.

இஸ்ரேல் அரசின் குண்டுவீச்சைக் கண்டிக்கலாம். கண்டிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். ஆனால் பாரிஸிலோ மான்செஸ்டரிலோ யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு விளக்கேற்றிப் படம் போடும் கல்லூரி மாணவியிடம் போய் நெதன்யாகுவின் செயலுக்குக் கணக்குக் கேட்பது, பிறப்பைப் பார்த்துக் குற்றவாளியாக்குவது அன்றி வேறில்லை.

இந்த வெறுப்பு எப்போதும் வசைச் சொல்லாக வருவதில்லை. யூதப் பெயர்களைக் கண்டறிந்து, அவற்றின் இருபுறமும் மும்மூன்று அடைப்புக்குறிகள் இட்டுக் காட்டும் குரோம் உலாவியின் நீட்சி (கூடுதல் நிரல்) ஒன்றை 2016இல் கூகுள் நீக்கியது. திட்டு எதுவும் இல்லை, அடையாளம் மட்டுமே. யாரைத் துரத்துவது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். (நம்மூர் யூடியூபில் ரோத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கியாளர் குடும்பமே உலகை ஆட்டிப்படைப்பதாகச் சொல்லும் ‘இலுமினாட்டி’ காணொளிகளும் இதே குட்டையில் ஊறியவைதான்.)

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 13 நாடுகளில் ஏறத்தாழ 8,000 யூதர்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 90 விழுக்காட்டினர் இணையத்தில் யூத வெறுப்பை எதிர்கொண்டதாகவும், 76 விழுக்காட்டினர் தம் அடையாளத்தை அவ்வப்போதாவது மறைப்பதாகவும் கூறினர். இந்த விடைகள் 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் காசா போரும் தொடங்குவதற்கு முன்பே பெறப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே முகமை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், 16 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களில் 41 விழுக்காட்டினர், யூதராகப் பாதுகாப்பாக வாழ முடியாது என்று நாட்டைவிட்டே வெளியேற எண்ணியிருந்தனர். ஏசியவர் முடக்கப்பட்டாலும் புதுப் பெயரில் திரும்பிவிடுகிறார்; ஏசப்பட்ட பிள்ளைதான் கணக்கைப் பூட்டி, குடும்பப் பெயரை எடுத்துவிட்டு, கழுத்திலுள்ள யூதச் சின்னமான தாவீது நட்சத்திரத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுப் படம் எடுக்கிறாள்.

நாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த முகநூலும் யோக்கியமில்லை. யூத இனப்படுகொலையை மறுக்கும் பதிவுகளை அதற்காகவே நீக்க முடியாது என்று 2018இல் சொன்ன முகநூல் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க், 2020 அக்டோபரில்தான் அவற்றைத் தடை செய்தார். அதுவரை இங்கே வளர்ந்த யூதப் பிள்ளைகள், தம் கொள்ளுப்பாட்டன் கொல்லப்பட்டதே பொய் என்று வாதிடும் பதிவுகளை நிறுவனத்தின் அனுமதியோடு படித்து வளர்ந்தார்கள்.