முதலில் தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்கய்யா, மிஷினை அப்புறம் விற்கலாம்

கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ வருகிற வீட்டுக்கு ஒரு ஃபில்டர் வாங்கலாம் என்று வாய் திறந்து சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்கு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். கடைக்காரர் ஆர்ஓ என்பார், அதாவது மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பை வடிகட்டுகிற மிஷின். பிளம்பர் சாஃப்ட்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் காந்தம் மாட்டியிருக்கிறார், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார். உறவில் பெரியவர் ஒருவர், கொதிக்க வைத்துக் குடித்தால் எதுவுமே வேண்டாம் என்று பேச்சையே முடித்துவிடுவார். எல்லோர் குரலிலும் அப்படி ஓர் உறுதி. ஆனால் உங்கள் தண்ணீரில் என்னதான் இருக்கிறது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்க வேண்டுமே, கிடையாது.

என் வீட்டுக் கதை எல்லோர் வீட்டுக் கதைதான். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டது, வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்து தேய்த்தாலும் போகவில்லை, சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று தோலில் ஒட்டுகிறது, கீசரைக் கழற்றினால் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டி கட்டியாக இருக்கிறது. இவ்வளவையும் வந்த விற்பனையாளரிடம் சொன்னேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனா அளவு மீட்டர் ஒன்றை எடுத்து டம்ளரில் விட்டார், ஏதோ ஓர் எண் வந்தது, உடனே முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு "இதைத்தான் குடிக்கிறீங்களா சார்? கிட்னி போயிடும்" என்றார். அடப்பாவி.

அந்த டிடிஎஸ் மீட்டர் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பெல்லாம் சேர்ந்து தோராயமாக இவ்வளவு என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லலாம், உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல முடியுமா? 400 என்று காட்டினால் அது கால்சியமா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தால் தெரியாது. பூச்சிமருந்து இருந்தால் தெரியாது. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் 0.1 தான் ஆகிறது, இந்த மீட்டரோ முழு மில்லிகிராமாக எண்ணுகிறது. ஆக, 150 காட்டுகிற தண்ணீர் விஷமாக இருக்கலாம், 700 காட்டுகிற தண்ணீர் ருசி கொஞ்சம் கெட்டது தவிர வேறு குற்றம் இல்லாததாக இருக்கலாம். டிடிஎஸ்ஸுக்கும் சரி, கடினத்தன்மைக்கும் (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிய வைக்கிற குணம்) சரி, உடல்நலத்தை வைத்து வரம்பு எதையும் அந்த நிறுவனம் வைக்கவில்லை. டிடிஎஸ் 600க்குள் இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காது, இதுதான் அவர்கள் சொல்வது. கிட்னி எங்கிருந்து வந்தது?

மீட்டர் கதைக்கு நான் மசியவில்லை என்றதும் அடுத்த பெட்டி திறந்தது. இதை எத்தனை வீட்டில் பார்த்து மிரண்டிருப்பார்கள் என்று நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இரண்டு டம்ளர், ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு சுவிட்சைப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் நம் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகச் சாக்கடை போலத் திரண்டு நிற்கிறது, அவருடையது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. "பாத்தீங்களா, உங்க தண்ணில இருக்கிற அழுக்கு." அழுக்கா அது? கம்பியில் இருக்கிற இரும்பு ஐயா அது! மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்குகிறது. நம் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாகப் பாய்கிறது, ஆர்ஓ தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லாததால் பாய மறுக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. யாராவது உங்கள் வீட்டில் இந்த வித்தையைக் காட்டினால் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவருடைய டம்ளரில் போட்டு, இப்போது சுவிட்சைப் போடுங்கள் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன். பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.

சரி, விற்பவர் அப்படித்தான் இருப்பார், வயிற்றுப் பிழைப்பு என்று விட்டுவிடலாம். விளம்பரத் தாளையாவது படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அது இன்னும் மோசம். எட்டு அடுக்கு, பத்து அடுக்கு, ஆர்ஓ பிளஸ் யூவி பிளஸ் யூஎஃப் பிளஸ் காப்பர் பிளஸ் அல்கலைன். என்னென்ன அடுக்கு எதை எடுக்கும் என்று ஒரு வரி கிடையாது. நானே சொல்லிவிடுகிறேன். செடிமென்ட் ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். கார்பன் குளோரினையும் வாடையையும் சில ரசாயனங்களையும் பிடிக்கும், கடினத்தன்மையைத் தொடாது. யூஎஃப் கிருமியைத் தடுக்கும், கரைந்த உப்பு அதன் வழியே ஜாலியாகப் போய்விடும். யூவி கிருமியைச் செயலிழக்க வைக்கும், தண்ணீரிலிருந்து எதையும் வெளியே எடுக்காது. நமக்கு இருக்கிற பிரச்சினை கடினத்தன்மை என்றால் இந்தப் பட்டியலில் அதைக் கவனிப்பது ஆர்ஓ மட்டும்தான், அதுவும் சமையலறைக் குழாய் ஒன்றில் மட்டும். ஷவர் அடைத்தது அடைத்ததுதான், கீசர் போனது போனதுதான். குளிக்கிற தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது என்று புலம்புகிறவனிடம் குடிக்கிற தண்ணீருக்கு மிஷின் விற்பது எந்த ஊர் நியாயம்?

வீடு முழுக்கப் பிரச்சினை என்றால் அதற்குச் சாஃப்ட்னர் வேண்டும். ரெசின் மணிகள் நிரப்பிய உருளை அது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், ரெசின் களைத்துப் போனால் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். இங்கேயும் ஒரு கூத்து இருக்கிறது. சாஃப்ட்னர் போட்டவர்கள் அதே பேனா மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, டிடிஎஸ் குறையவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறார்கள். குறையாது! ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை வைத்தால் மொத்தம் எப்படிக் குறையும், கொஞ்சம் கூடவே செய்யும். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பது கணக்கு. கடினத்தன்மை 300 இருந்த தண்ணீர் என்றால் லிட்டருக்கு 138 மில்லிகிராம் சோடியம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட ஆள் வீட்டில் இருந்தால் குடிக்கிற குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனியாகப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழாயில் ஓர் ஆர்ஓ வேண்டும். இதை விற்கிறவர் சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்குச் சாஃப்ட்னர் மட்டும்தான் விற்கத் தெரியும், ஆர்ஓ விற்பது வேறு ஆள்.

ஆர்ஓ வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், நைட்ரேட் 50ஐத் தாண்டியிருந்தால், தண்ணீர் உவர்த்துக் கிடந்தால், அதுதான் கைகொடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரோ அதற்கு மேலோகூட வெளியே தள்ளக்கூடிய மிஷின் அது என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை, மாட்டி முடித்து டியூப்பைச் சிங்க்கில் விடும்போதுதான் நமக்கே தெரிகிறது. அந்தத் தண்ணீரும் வீண் இல்லை, தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். 600 டிடிஎஸ் உள்ள தண்ணீரில் நாலில் ஒரு பங்கை நல்லதாக எடுத்தால் மிச்சம் 800க்குச் சற்றுக் கீழே இருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட என்னைக் கடுப்பேற்றுவது அந்த மிஷினுக்குள் இருக்கிற சின்னத் திருகு. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால் சர்வீஸ்காரர் வந்து அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, "இப்ப மினரல் கூடிருச்சு சார், டேஸ்ட் பாருங்க" என்பார். மினரல் எங்கிருந்து கூடியது? மெம்பிரேன் பக்கமே போகாத பழைய தண்ணீரை எடுத்து நல்ல தண்ணீரில் கலந்துவிடுகிறது அந்த வால்வு. ஃப்ளோரைடுக்குப் பயந்து ஆர்ஓ வாங்கியவர் வீட்டில் அதே ஃப்ளோரைடு பின்வாசல் வழியாக டம்ளருக்கு வந்து சேர்கிறது, அதற்கு மினரல் என்று பெயர் வேறு. தனியாக ஒரு கால்சைட் (சுண்ணாம்புக் கல்) கேட்ரிட்ஜ் வைத்து ருசி கூட்டுவது வேறு விஷயம், அதில் பயமில்லை. எந்த முறை என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்."

காந்தக் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுதினால் எனக்கே கேவலம். குழாயில் மாட்டிவிட்டால் சுண்ணாம்பு படியாது என்கிறார்கள், கடினத்தன்மையை அளந்தால் முன்னும் பின்னும் ஒரே எண், கேட்டால் "அது படிகத்தோட வடிவம் மாறிடும், டெஸ்ட்ல தெரியாது." டெஸ்ட்டில் தெரியாத, கண்ணில் தெரியாத, பில்லில் மட்டும் தெரிகிற தொழில்நுட்பம்.

கொதிக்க வைத்தால் போதும் என்கிற பெரியவருக்கும் ஒரு வார்த்தை. கிருமி சாகும், சந்தேகமே இல்லை. பைகார்பனேட்டால் வருகிற கடினத்தன்மை பாத்திரத்தின் அடியில் படிந்து கொஞ்சம் குறையும். சல்பேட்டாக, குளோரைடாக இருக்கிற கால்சியம் அசையாது. நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் ஆர்சனிக்கும் போகாததோடு, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க இப்படிச் சுண்டவைத்த கிணற்றுத் தண்ணீரை எடுப்பவர்கள் நைட்ரேட் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எடுங்கள், குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கிற நோய் அதனால்தான் வருகிறது.

இரும்பு இருக்கிற தண்ணீர் இன்னொரு தலைவலி. குழாயில் பிடிக்கும்போது பளிங்காக இருக்கும், வாளியில் விட்டு வைத்தால் செம்மஞ்சளாக மாறும். அதை அப்படியே சாஃப்ட்னருக்குள் விட்டால் ரெசின் பாழ், ஆர்ஓவுக்குள் விட்டால் மெம்பிரேன் பாழ், யூவிக்குள் விட்டால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படிந்து வெளிச்சத்தையே மறைத்துவிடும். முதலில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றோட்டியோ ஆக்சிஜனேற்ற ஃபில்டரோ வைத்து இரும்பைத் தனியாக எடுக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, வாயு என்பதால் ஆர்ஓ மெம்பிரேனையே தாண்டி வந்துவிடும், அதற்கும் வேறு வழிதான். எது முன்னால் எது பின்னால் என்பதில் இவ்வளவு இருக்கிறது, இவர்கள் எல்லோருக்கும் ஒரே டப்பாவைச் சுவரில் அறைந்துவிட்டுப் போகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், மிஷின் பெயரை வாயால் சொல்லும் முன்னால் லேபுக்குத் தண்ணீர் அனுப்புங்கள். வெறும் டிடிஎஸ் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். மொத்தக் கடினத்தன்மை, பிஹெச், இரும்பு, நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்சனிக், அப்புறம் கிருமிக்குக் கோலிஃபார்ம், ஈ.கோலை இரண்டும் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு லேப் கொடுக்கிற சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், வீட்டுப் பழைய பாட்டிலில் பிடித்தால் பாட்டிலில் இருந்த கிருமிக்குத்தான் ரிப்போர்ட் வரும். கடினத்தன்மை 60க்குள் என்றால் மென்மையான தண்ணீர், 120 வரை பரவாயில்லை, 180க்கு மேல் ரொம்பக் கடினம். அதை மட்டும் வீட்டிலேயே சொட்டுச் சொட்டாக ரசாயனம் விடுகிற கிட்டில் பார்த்துக்கொள்ளலாம், சிவப்பு நீலமாக மாற எத்தனை சொட்டு என்று எண்ணினால் போதும். மழைக்குப் பின் கிணற்றில் கிருமி கூடலாம், கோடையில் உப்பு கூடலாம், ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு ஆயுசுக்கும் போதும் என்று இருக்க முடியாது.

வாங்கிய பிறகாவது நிம்மதியா என்றால், அடுத்து சர்வீஸ். யூவி விளக்கு நீலமாக எரிகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர் சர்வீஸ்காரரேதான்! தொடர்ந்து எரிந்தால் 9000 மணி நேரம், அதாவது சுமார் ஒரு வருஷம், அதற்கப்புறம் வெளிச்சம் இருக்கும், கிருமியை அடக்குகிற சக்தி போதாது. இன்னொருவர் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டுப் போனார், ஆர்ஓ மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகாது, அந்தத் தண்ணீர் தீரும் வரை மிஷினை மூடி வையுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. மெம்பிரேன் போனால் புது மெம்பிரேன் விற்கலாமே, எதற்குச் சொல்வார்?

மாட்டி முடித்ததும் காசு முழுதாகக் கொடுக்கும் முன்னால், உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிற தண்ணீரையும் இரண்டு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பப் போகிறேன், ரிப்போர்ட் வந்ததும் பாக்கியைத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மிஷின் விற்கிறவர் சரி என்பார். மற்றவர்களுக்கு அந்த நிமிஷமே வேறு எங்கேயோ அவசர வேலை வந்துவிடும்.