செல்லி என்ன தின்னான்னு சொல்ல ஒரு வாய் கூடவா இல்ல?

மூணு ராத்திரியா தூக்கமில்ல. துடைச்சுத் துடைச்சு ரெண்டு கையும் பினாயில் நாத்தம். கீழ இறங்கிப் போனா வாய்க்கு வந்ததைப் பேசிடுவேன், அதனாலதான் இங்க எழுதறேன்.

பெங்களூரு அல்சூர்ல எங்க கட்டடத்துல ஆறு குடும்பம், அதுல அஞ்சு நம்ம தமிழ்க் குடும்பம். செல்லி எங்க வீட்டு நாய். நாட்டு நாய்தான், அஞ்சு வயசு, 18 கிலோ. போன ஞாயித்துக்கிழமை ஒரு வீட்டுல வளைகாப்பு, மொட்டை மாடியில பந்தி. நானும் இடுப்புல துண்டைச் சொருகிட்டு பரிமாறினேன். செல்லியைப் படிக்கட்டுத் திருப்பத்துல கட்டிட்டு, "அவளுக்கு எதுவும் போடாதீங்க, அவ சாப்பிட்டாச்சு"ன்னு ஏறி இறங்குறவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க.

ராத்திரி 2:40. நாய் வளர்க்கறவங்களுக்கு அந்தச் சத்தம் எந்தத் தூக்கத்துலயும் கேட்கும். வயிறு உள்ள இழுத்து இழுத்து "ஹுக், ஹுக்"குன்னு. லைட்டைப் போடறதுக்குள்ள வாந்தி. அடுத்த பத்து நிமிஷத்துல பேதி, தண்ணியா, சளி மாதிரி வழவழன்னு. வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணிட்டோமேன்னு அவ பாத்ரூம் கதவை மூக்கால தள்ளிட்டு உள்ள போய் மூலையில நின்னுக்கிட்டா. காது ரெண்டும் பின்னால ஒட்டிக்கிடக்கு. அந்த நிலைமையிலயும் என் மூஞ்சியையே பாக்கறா. எங்களுக்குக் காவேரித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். டிரம்முல இருந்த தண்ணி மொத்தமும் விடியறதுக்குள்ள தரைக்கே போச்சு.

வாந்தியில வெள்ளையா, குழைஞ்சு போன இழை ரெண்டு மூணு கிடந்துச்சு. புழுன்னு நெனச்சேன். போன மாசம்தான் பூச்சி மருந்து குடுத்தோம், அதுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு குழம்பிட்டே வாரிக் கொட்டிட்டேன். அது சேமியா. பாயச சேமியா. அப்ப எனக்கு அது தெரியல.

காலையில படிக்கட்டுல ஒரு கூட்டமே நின்னுச்சு. ஒரு அக்கா "பால்ல பிஸ்கெட் ஊறவெச்சுக் குடுமா"ன்னாங்க. பேதி போற நாய்க்குப் பாலா? நல்ல நாள்லயே நிறைய நாய்களுக்குப் பால் செரிக்காது. ஒரு பாட்டி குனிஞ்சு செல்லி காதைத் தொட்டுப் பாத்துட்டு, "ஒடம்பு அனலா கொதிக்குதுடி, பாரசிட்டமால் பாதி உடைச்சுப் போடு"ன்னாங்க. நாயோட சாதாரண உடம்புச் சூடே 101லிருந்து 102.5 டிகிரி வரைக்கும் இருக்கும், நம்ம கை வெச்சா எப்பவும் சுடத்தான் செய்யும். டாக்டர் வெச்ச தெர்மாமீட்டர்ல 101.8தான். பாரசிட்டமால் நாயோட கல்லீரலைக் கெடுக்கும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் போகும். மெடிக்கல்ல கேட்டா கடைக்காரர் அதுக்கு மேல, "வயித்து வலிக்கு"ன்னு ஐபுப்ரோஃபென் அட்டையை எடுத்து நீட்டறார். அது நாய்க்கு வயித்துல புண்ணு வைக்கும், கிட்னியை அடிக்கும். எத்தனை கிலோ நாய், எத்தனை வயசுன்னு ஒரு கேள்வி இல்ல.

ஒன்பதரைக்கு டாக்டர்கிட்ட ஓடினோம். அவர் கன்னடக்காரர். ஈறை விரலால அழுத்தி விட்டு, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பச் சிவக்குதான்னு பாத்தார். உடம்புல தண்ணி வத்தியிருக்கான்னு பிடரித் தோலைத் தூக்கி விட்டுப் பாத்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "ஏனு திந்தளு?" என்ன சாப்பிட்டா?

எனக்குத் தெரியலையே! என் நாய் என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியல. அங்கேயே நின்னு ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டேன். "அண்ணே, நேத்து செல்லிக்கு ஏதாவது போட்டீங்களா? கோச்சுக்க மாட்டேன், டாக்டர் கேக்கறார்." "ச்சேச்சே, நாங்க ஏன்மா போடப் போறோம்." அஞ்சு வீடு, அஞ்சு "இல்ல". புழு மாதிரி பாத்தேன்னு நானும் சொல்லித் தொலைச்சேன். சரி, சாதாரண வயித்துக் கோளாறுன்னு வாந்திக்கு ஒரு ஊசி போட்டு, வீட்டுலயே பாத்துக்கச் சொல்லி அனுப்பிட்டார். நானும் அப்படியே பாத்தேன். சொம்பை முழுசா வெச்சா மடமடன்னு குடிச்சுட்டு அப்படியே கக்கிடும்னு இருபது நிமிஷத்துக்கு ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி. சாயங்காலம் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாம வேகவெச்ச கோழி கொஞ்சம், குழைய வடிச்ச சோறு கொஞ்சம், ரெண்டு உருண்டை. அவ மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

திங்கக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்வீட்டுப் பையன், மூணாங்கிளாஸ் படிக்கிறான், மெதுவா வந்து நின்னான். "அத்தை, பாட்டி செல்லிக்கு ரெண்டு கிண்ணம் பாயசம் ஊத்துனாங்க. நக்கி நக்கிக் குடிச்சா."

அதே பாட்டி! காலையில காதைத் தொட்டுப் பாத்து மாத்திரை சொன்ன அதே பாட்டி!

பாயசத்துல திராட்சை. நெய்யில பொரிச்சு, உப்பி, கை நிறைய அள்ளிப் போட்டது. திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயோட கிட்னியைச் செயலிழக்க வைக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு கணக்கே கிடையாது. ஒரு நாய்க்கு ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு கொஞ்சம் தின்னே போயிடும். முதல்ல வாந்தி பேதின்னுதான் ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மூத்திரம் குறையும்போதுதான் உள்ள என்ன நடந்திருக்குன்னே தெரியும். சாப்பிட்ட உடனே, ரெண்டு மணி நேரத்துக்குள்ள தூக்கிட்டுப் போயிருந்தா ஊசி போட்டு வாந்தி எடுக்க வெச்சிருப்பாங்க. பந்தியில இலை எடுக்கும்போது, "பொண்ணே, உன் நாய்க்குப் பாயசம் ஊத்திட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே! சரி, அப்ப தெரியல. திங்கக்கிழமை காலையில நான் போன்ல கெஞ்சினப்பவாவது சொல்லியிருந்தா, அன்னிக்கு ஒன்பதரைக்கே டிரிப் ஏத்தியிருப்பாங்க. ஒரு முழுப் பகல் போச்சு, ஒரு பொய்யால.

ஆசையில ஊத்தினாங்க, அது எனக்குப் புரியுது. வாயில்லா ஜீவன் பாத்துட்டே நிக்குது, மனசு கேக்கலை, ஊத்திட்டாங்க. அதுக்காக நான் யாரையும் கடிச்சுத் தின்னுட மாட்டேன். ஆனா டாக்டர் கேக்கறார்னு சொன்ன பிறகும் "நாங்க ஏன்மா போடப் போறோம்"னு எப்படி வாய் வருது? வாயில்லாதது அவ. உங்களுக்கு வாய் இருக்கே!

பகல்ல கிளினிக்ல டிரிப், ராத்திரி வீடு. முன்னங்கால்ல ஊசி குத்தின இடத்துல முடியை மழிச்சு வெச்சிருக்கு, அதையே நக்கிட்டுக் கிடக்கா. கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற கிரியாட்டினின் முதல் நாள் 1.1, நேத்து 1.3. இன்னும் அளவுக்குள்ளதான் இருக்கு, ஆனா ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒவ்வொரு தடவை கீழ கூட்டிட்டுப் போகும்போதும் எவ்வளவு மூத்திரம் போறான்னு டார்ச் அடிச்சுப் பாத்துக் குறிச்சு வெக்கறேன். நாளைக்குக் காலையில அடுத்த ரத்தப் பரிசோதனை.

இன்னிக்கு மத்தியானம் அந்தக் கோழிச்சோறுல மூணு வாய் சாப்பிட்டா. நான் தரையில உக்காந்து ஊட்டிட்டிருக்கேன், பாட்டி கதவோரம் வந்து நின்னு எட்டிப் பாத்து, "பரவால்ல, தேறிட்டாளே"ன்னுட்டுப் போறாங்க. இப்பவும் பாயசத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.